கொசு காத்த ஜில்லா!

நம்மில் பலருடைய வீட்டுப் பூஜை அறையில் ஒரு சாளக்கிராமக் கல் இருக்கும். கறுப்பாக, உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். பாட்டி அதைப் பட்டுத் துணியில் பொதிந்து வைத்திருப்பாள்.

அந்தக் கல் எங்கிருந்து வருகிறது, தெரியுமா?

நேபாள நாட்டிலே காளி கண்டகி என்று ஓர் ஆறு. அந்த ஆற்றில்தான் சாளக்கிராமம் கிடைக்கிறது. இமயமலையிலிருந்து உருண்டு புரண்டு வரும் அந்த ஆறு, தேவகாட் என்ற இடத்தில் திரிசூலி ஆற்றோடு கலக்கிறது. அதற்குப் பிறகு அதன் பெயர் நாராயணி. நாராயணி மலையை விட்டுச் சமவெளியில் கால் வைக்கிற இடத்தில் இருக்கிறது, சித்வன் ஜில்லா.

நேபாளம் என்றதும் நமக்குப் பனிமலையும் எவரெஸ்ட் சிகரமும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நாட்டின் தெற்கே தாழ்ந்த சமவெளி ஒன்று நீண்டு கிடக்கிறது. அதற்குத் தராய் என்று பெயர். சித்வன் அதிலே "உள் தராய்". வடக்கே மகாபாரத மலைத்தொடர், தெற்கே சுரியா குன்றுகள். நடுவில் ஒரு தாம்பாளம் போல ஜில்லா அமைந்திருக்கிறது. பரப்பு 2,200 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஜனத்தொகை 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி ஏழு லட்சத்துக்கு மேல்.

இந்த ஏழு லட்சம் பேரும் ஒரே இனத்தார் அல்ல. தாரு, சேபாங், குமால், தராய், போட்டே, மாஜி, முசஹர், தமாங், குருங், மகர், நேவார், பாகுன், செத்ரி என்று ஒரு நீண்ட பட்டியலே உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பழக்கம். பல இனங்களுக்குத் தனி மொழி. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது பெரும்பாலும் நேபாளி மொழியில்.

இத்தனை பேர் ஒரு தாம்பாளத்தில் எப்படிச் சேர்ந்தார்கள்? அவர்களை ஆளுகிறவர்கள் யார்? நிலம் யாருக்கு, காடு யாருக்கு? அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

எமன் குடியிருந்த காடு

எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்னே சித்வனில் காடும் ஆளுயரப் புல்லும்தான் மிகுதி. மலையில் வாழ்ந்த ஜனங்கள் இந்தப் பக்கம் இறங்கவே பயந்தார்கள்.

புலிக்குப் பயந்தா? அல்ல. காண்டாமிருகத்துக்குப் பயந்தா? அதுவும் அல்ல. கொசுவுக்குப் பயந்தார்கள்!

ஆம். மலேரியா! மலை ஜனங்கள் அந்தக் காய்ச்சலை "ஔலோ" என்றார்கள். வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் தராயில் ஒரே ஓர் இரவு தூங்கினால் போதும், உயிர் போய்விடும் என்று நம்பினார்கள். குளிர் காலத்தில் கொசு அடங்கியிருக்கும். அப்போதுதான் வேலையாக இறங்குவார்கள். வேலை முடிந்ததும் மலை ஏறிவிடுவார்கள்.

நேபாளத்தை 1846-ம் ஆண்டிலிருந்து 1951-ம் ஆண்டு வரை ராணா வம்சத்தார் ஆண்டார்கள். இந்தக் காட்டை அழிக்க அவர்கள் விரும்பவில்லை. காரணம் உண்டு. தெற்கே இந்தியாவில் வெள்ளைக்காரர் ஆட்சி. கொசு நிறைந்த காடு நடுவில் இருக்கும் வரையில் வெள்ளைக்காரப் பட்டாளம் எளிதில் உள்ளே வராது. பணம் கொடுத்துக் கட்டிய கோட்டையைவிட, இது பலமான கோட்டை!

அதோடு ராணாக்களுக்கு இது வேட்டைக்காடு. 1911-ம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் விருந்தாளியாக வந்தார். யானை மேல் ஏறி வேட்டை ஆடினார்கள். பதினொரு நாளில் 39 புலிகளும் 18 காண்டாமிருகங்களும் செத்து விழுந்தன.

இப்படிப்பட்ட காட்டிலே, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜனங்களும் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் தாருக்கள்.

மற்றவர்களைக் கொன்ற காய்ச்சல் தாருக்களை மட்டும் ஏன் விட்டு வைத்தது? வெகுகாலம் இது ஒரு புதிராக இருந்தது. விஞ்ஞானிகள் பிற்காலத்தில் விடை கண்டார்கள். தாருக்களின் இரத்தத்தில் பரம்பரையாக வரும் ஒரு சிறு மாற்றம் உண்டு. அதற்கு ஆல்பா தலசீமியா என்று பெயர். அது மலேரியாவின் வேகத்தைத் தணிக்கிறது. தாருக்களுக்கும் மலேரியா வரும். ஆனால் மற்றவர்களுக்கு வருவதைவிடப் பல மடங்கு குறைவு.

காட்டைக் கொசு காத்தது. தாருக்களை அவர்களுடைய இரத்தம் காத்தது.

மருந்து வந்தது, மக்கள் வந்தார்கள்

ராணா ஆட்சி 1951-ல் முடிந்தது. 1954-ம் ஆண்டில் பெரிய வெள்ளம் வந்தது. மலைச்சரிவுகளில் இருந்தவர்கள் வீடு வாசல் இழந்து நின்றார்கள். அவர்களுக்கு நிலம் வேண்டும். சமவெளியிலோ நிலம் சும்மா கிடக்கிறது. ஆனால் கொசு விடவில்லையே!

1950-ம் ஆண்டுகளின் நடுவில் அமெரிக்க உதவியுடன் ராப்தி பள்ளத்தாக்குத் திட்டம் தொடங்கியது. ராப்தி, சித்வனில் ஓடும் இன்னோர் ஆறு. டி.டி.டி. மருந்தை வீடு வீடாக அடித்தார்கள். சாலை போட்டார்கள். காட்டை வெட்டி மனை பிரித்தார்கள். 1958-ல் நாடு முழுவதும் மலேரியா ஒழிப்பு வேலை ஆரம்பமாயிற்று.

கொசு ஒடுங்கியது. ஜனங்கள் இறங்கினார்கள்!

பாகுன்கள், செத்ரிகள், குருங்குகள், தமாங்குகள், மகர்கள், நேவார்கள் - நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு வந்தார்கள். 1971-ல் சித்வன் ஜில்லாவின் ஜனத்தொகை ஒரு லட்சத்து 83 ஆயிரம். ஐம்பது ஆண்டில் அது ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஒரு காலத்தில் இந்தச் சமவெளியில் மிகுதியாக இருந்தவர்கள் தாருக்கள். இன்று பத்துப் பேரில் ஒருவர்தான் தாரு.

நோய் ஒழிந்தது நல்லதா, கெட்டதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நல்லதுதான். எத்தனையோ தாய்மார்களின் மடியில் பிள்ளைகள் பிழைத்தார்கள். எத்தனையோ ஏழைகளுக்கு நிலம் கிடைத்தது. ஆனால் அதே மருந்து, தாருக்களின் காவலையும் கொண்டு போய்விட்டது.

சிவப்புச் சீட்டு

நேபாளத்தில் நிலத்துக்குப் பட்டா உண்டு. அதை "லால்பூர்ஜா" என்கிறார்கள். லால் என்றால் சிவப்பு. பூர்ஜா என்றால் சீட்டு. இந்தச் சிவப்புச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் நிலத்துக்குச் சொந்தக்காரர்.

பழைய காலத்துத் தாரு விவசாயி ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய தாத்தா காட்டைத் திருத்தினார். அப்பா உழுதார். அவரும் உழுகிறார். ஊரில் எல்லாருக்கும் அது அவர் வயல் என்று தெரியும். சீட்டு எதற்கு? வரி கட்ட முடியாவிட்டால், ஊரையே பெயர்த்துக்கொண்டு வேறு இடம் போவதும் உண்டு. நிலத்துக்கா பஞ்சம்?

புதிதாக வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பலர். எந்தக் கச்சேரிக்குப் போக வேண்டும், எந்த மனு எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பதிவு செய்துகொண்டார்கள். கடன் கொடுத்தார்கள். கடனுக்கு எழுதி வாங்கிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று, கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது.

தராய் முழுவதும் தாருக்கள் நிலத்தை இழந்த கதை பெரும்பாலும் இப்படித்தான். கத்தி எடுத்து யாரும் வரவில்லை. காகிதம் எடுத்து வந்தார்கள்.

1964-ம் ஆண்டில் நேபாளத்தில் நிலச் சட்டம் வந்தது. ஒருவர் இவ்வளவுதான் நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்பு கட்டியது. குத்தகைக்காரருக்கும் உரிமை சொன்னது. ஆனால் சட்டத்தின் பலனைப் பெறவும் காகிதம் வேண்டுமே! படித்தவனுக்கு முந்திக் கிடைத்தது. படிக்காதவன் பின்னால் நின்றான்.

காண்டாமிருகத்துக்கு ஒரு வீடு

ஜனங்கள் வந்த வேகத்தில் காடு சுருங்கியது. ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகங்கள் 1960-ம் ஆண்டுகளின் முடிவில் சுமார் நூறாகக் குறைந்துவிட்டன. இன்னும் சில ஆண்டு போனால் படத்தில்தான் பார்க்க வேண்டும் என்ற நிலைமை.

சர்க்கார் விழித்துக்கொண்டது. 1964-ம் ஆண்டிலேயே, காட்டில் புகுந்து குடியேறியிருந்த சுமார் 22,000 பேரை வெளியேற்றியது. 1973-ல் சித்வன் தேசியப் பூங்கா பிறந்தது. நேபாளத்தின் முதல் தேசியப் பூங்கா அதுதான். 1984-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. நேபாள ராணுவமே அதற்குக் காவல்.

பலன் கிடைத்தது. 2021-ம் ஆண்டுக் கணக்கில் சித்வனில் மட்டும் 694 காண்டாமிருகங்கள். 2022-ல் 128 புலிகள். உலகமே பாராட்டுகிறது. வெளிநாட்டு யாத்திரிகர்கள் சௌராஹா என்ற ஊருக்கு வந்து இறங்குகிறார்கள். பகலில் காண்டாமிருகம் பார்க்கிறார்கள். இரவில் தாரு இளைஞர்களின் கோலாட்டம் பார்க்கிறார்கள்.

ஆனால் காட்டின் ஓரத்தில் குடியிருக்கிறவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். காண்டாமிருகத்துக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. ராத்திரியில் ஆற்றைக் கடந்து வந்து நெல்லை மேய்ந்துவிட்டுப் போகும். சில வேளைகளில் யானை வரும், புலியும் வரும். உயிர்ச் சேதமும் உண்டு. கூரை வேயப் புல் வேண்டும். அடுப்பெரிக்க விறகு வேண்டும். இரண்டும் பூங்காவுக்குள் இருக்கின்றன. உள்ளே போனால் குற்றம்!

இதற்கு ஒரு வழி செய்தார்கள். வருஷத்தில் சில நாட்கள் மட்டும் உள்ளே போய்ப் புல் அறுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். 1996-ல் பூங்காவைச் சுற்றி "இடைநிலைப் பகுதி" ஒன்றை அறிவித்தார்கள். பூங்காவுக்குக் கிடைக்கும் வருமானத்தில் நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு வரை அந்தப் பகுதி ஜனங்களின் நலனுக்குச் செலவிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஜனங்களே தேர்ந்தெடுக்கும் கமிட்டிகள் அந்தப் பணத்தைக் கொண்டு வேலி போடலாம்; பாதை போடலாம்; பள்ளிக்கு உதவலாம்.

ஆற்று மக்களும் மலை மக்களும்

போட்டே, மாஜி, முசஹர் ஆகியோர் ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள். ஓடம் விடுவது, மீன் பிடிப்பது அவர்கள் தொழில். ஆற்றில் பாலம் வந்தது. ஓடத்துக்கு வேலை குறைந்தது. ஆற்றங்கரை பூங்காவுக்குப் போயிற்று. மீன் பிடிக்க உரிமச் சீட்டு வேண்டும் என்றார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வீசிய வலையை வீச, ஒரு காகிதம்!

சேபாங்குகள் மகாபாரத மலைச்சரிவுகளில் வாழ்பவர்கள். நேபாளம் முழுவதிலும் எண்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். முன்னாளில் வேட்டையாடியும், கிழங்கு அகழ்ந்தும், இடம் மாறி மாறிப் பயிரிட்டும் வாழ்ந்தவர்கள். அவர்களுக்குச் சியூரி மரம் உயிர். நம் ஊர் இலுப்பைக்கு அது உறவு. இலுப்பையைப் போலவே அதன் விதையிலிருந்தும் நெய் எடுக்கிறார்கள். மகளைக் கட்டிக் கொடுக்கும்போது சியூரி மரத்தைச் சீதனமாகக் கொடுப்பது அவர்கள் வழக்கம். பொன் அல்ல, பொருள் அல்ல, ஒரு மரம்!

அரசர் பீரேந்திரர் காலத்தில் அவர்களுக்குப் "பிரஜா" என்று பெயர் சூட்டினார்கள். பிரஜை என்ற சொல் நமக்குத் தெரிந்ததுதான். பெயர் கிடைத்தது. ஆனால் பிரஜை என்பதற்கு அத்தாட்சியான குடியுரிமைச் சீட்டு, வெகுகாலம் பல குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. நிலச் சீட்டும் இல்லை.

சீட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2020-ம் ஆண்டு ஜூலை மாதம், மழைக் காலம். மாடி என்ற பகுதியில் பூங்கா ஓரத்தில் குடிசை போட்டிருந்த பத்துச் சேபாங் குடும்பங்களைப் பூங்கா அதிகாரிகள் வெளியேற்றினார்கள். சில குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். மற்றவற்றை யானைகளை விட்டு இடித்தார்கள். செய்தி வெளியானதும் பெரிய கண்டனம் எழுந்தது.

காட்டைக் காப்பது சரி. ஏழையின் கூரையைக் காப்பது யார்?

ஜில்லாவை ஆள்வது யார்?

நம் ஊரில் கலெக்டர் இருப்பது போல, அங்கேயும் ஒருவர் இருக்கிறார். அவரைப் "பிரமுக் ஜில்லா அதிகாரி" என்கிறார்கள். பாருங்கள், மூன்று சொற்களும் நமக்குத் தெரிந்த சொற்கள்தான்! உள்துறை அமைச்சகம் அவரை நியமிக்கிறது. அமைதி காப்பது அவர் பொறுப்பு. குடியுரிமைச் சீட்டு கொடுப்பதும் அவர் காரியாலயம்தான். அந்தச் சீட்டுக்கு "நாகரிக்தா" என்று பெயர். 16 வயதானால் அதை வாங்கலாம். அது இல்லாமல் நிலம் பதிய முடியாது, பாஸ்போர்ட் கிடைக்காது, பாங்கியில் கணக்கு வைப்பதும் கஷ்டம்.

முன்பெல்லாம் எல்லாமே தலைநகரான காத்மாண்டுவின் கையில் இருந்தன. 2015-ம் ஆண்டு செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம் வந்தது. நாடு ஏழு மாகாணங்களாயிற்று. 77 ஜில்லாக்கள். அவற்றுக்குள் 753 உள்ளூர் ஆட்சிகள். சித்வன், பாக்மதி மாகாணத்தில் சேர்ந்தது. ஜில்லாவுக்குள் ஏழு உள்ளூர் ஆட்சிகள். பரத்பூர் ஒரு மாநகரம். அதுவே ஜில்லாவின் தலைநகர். ரத்னநகர், கைரஹனி, ராப்தி, காலிகா, மாடி ஆகியவை ஐந்து நகராட்சிகள். இச்சாகாமனா ஒரு கிராமாட்சி.

பள்ளிக்கூடம், ஆரம்ப வைத்தியம், உள்ளூர் ரோடு, வரி - இவை எல்லாம் இந்த உள்ளூர் ஆட்சிகளிடம் வந்துவிட்டன. ஜில்லாவுக்குப் பொதுவாக ஒரு சமன்வயக் கமிட்டியும் உண்டு. அது ஆளுவதில்லை, ஏழு ஆட்சிகளையும் இணைத்து வைக்கிறது.

ஐந்து நாற்காலிகள்

இவை எல்லாவற்றையும்விட ஏழைக்கு நெருக்கமானது வார்டு. அதை அங்கே "வடா" என்கிறார்கள். தின்கிற வடை அல்ல!

ஒவ்வொரு வார்டுக்கும் ஐந்து பேர் கொண்ட கமிட்டி. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவர் தலைவர், நால்வர் அங்கத்தினர்கள். நால்வரில் இருவர் பெண்களாக இருந்தே தீர வேண்டும். அந்த இருவரில் ஒருவர் தலித் பெண்ணாக இருக்க வேண்டும். இது சட்டம். உள்ளூர்த் தேர்தல் 1997-க்குப் பிறகு இருபது ஆண்டுகள் நடக்கவே இல்லை. 2017-ல் நடந்தது, பிறகு 2022-ல் நடந்தது. பரத்பூர் மாநகரத்தில் இரண்டு தடவையும் மேயராக வென்றவர் ரேணு தாஹால் என்ற பெண்மணி.

நகராட்சியின் துணைத் தலைவருக்கு இன்னொரு முக்கியமான வேலை உண்டு. மூன்று பேர் கொண்ட நியாயக் கமிட்டிக்கு அவர் தலைவர். வரப்புத் தகராறா? வாய்க்கால் தண்ணீர்த் தகராறா? கூலி பாக்கியா? மாடு பயிரை மேய்ந்ததா? வயதான பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்கவில்லையா? வக்கீல் வைத்து ஜில்லாக் கோர்ட்டுக்கு ஓடாமல் இங்கேயே மனுக் கொடுக்கலாம்.

எந்தக் காரியத்துக்கும் முதல் படி வார்டு ஆபீஸ் கொடுக்கும் கடிதம்தான். குடியுரிமைச் சீட்டு வாங்கவும் அது வேண்டும். அந்தக் கடிதத்துக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? "சிபாரிஸ்"! நம் சிபாரிசுதான். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வாசனை அடிக்கும். அங்கே அது முறையான காகிதம்.

ஆகவே சித்வன் குடியானவருக்கு மூன்று எஜமானர்கள். வார்டுத் தலைவர், ஜில்லா அதிகாரி, பூங்கா அதிகாரி. முதல்வரை அவரே தேர்ந்தெடுக்கிறார். மற்ற இருவரும் மேலேயிருந்து வருகிறார்கள். முதல்வர் ரோடு போட நினைத்தால், அது காட்டு வழியாகப் போவதானால், பூங்காவின் சம்மதம் வேண்டும். மாடி நகராட்சிக்கு ஒரு புறம் இந்திய எல்லை. மற்றப் புறங்களில் காடு. ஜில்லாத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் பூங்காவின் ஊடேதான் போயாக வேண்டும். மாடிக்காரர்கள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் அதுதான்.

தை முதல் நாள்

நாம் பொங்கல் வைக்கும் அதே நாளில், சித்வனிலும் பண்டிகை. மாகே சங்கராந்தி என்கிறார்கள். தாருக்களுக்கு அது மாகி. இரண்டு ஆறுகள் கலக்கும் தேவகாட்டில் அன்று பெரிய திருவிழா. மலையிலிருந்து வந்தவர்களும், சமவெளியில் பிறந்தவர்களும் ஒரே துறையில் முழுகுகிறார்கள். தண்ணீர், யார் எந்தச் சாதி, எந்த மொழி என்று கேட்பதில்லை.

கரை ஏறினால் கேள்விகள் வந்துவிடுகின்றன. நிலம் யாருடையது? காடு யாருடையது? சீட்டு இருக்கிறதா?

ஒரு காலத்தில் தாருக்களின் பாட்டனார் கைநாட்டு வைத்தார்கள். இன்று தாருப் பிள்ளைகளும் சேபாங் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். வார்டுக் கமிட்டியில் தலித் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மேஜை மேல் வரும் காகிதத்தில் எழுதியிருப்பதை அவர் படித்துப் பார்க்க வேண்டும். புரியாவிட்டால் கேட்க வேண்டும். சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும்.

கொசு காத்த காலம் போய்விட்டது. இனி அந்த ஜனங்களைக் காக்க வேண்டியது எழுத்துத்தான். அது சித்வனுக்கு மட்டும் பொருந்தும் பேச்சா, என்ன?